கணிதம் தேடும் பிள்ளைக்கு ஊர் என்ன செய்யும்?

சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் நூலக வரி என்று ஒரு தொகை தனியாக இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமும் அதுதான். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகையோடு சேர்த்து இதில் தங்கள் பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, புத்தகம் தேடி வரும் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது நம் எல்லாருடைய கடமை என்று இந்த மாநிலம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டு, அதற்குப் பணமும் கட்டி வருகிறது. அந்தக் கடமையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில், யாரும் சொல்லாமல், எந்தத் தேர்வையும் மனத்தில் வைக்காமல், உயர்கணிதத்தைத் தானே படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்?

அப்படிப்பட்ட பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரஃப் நோட்டின் பின்பக்கங்கள் முன்பக்கங்களைவிட நிறைந்திருக்கும். 1 + 1/2 + 1/4 + 1/8 என்று பாதிபாதியாகக் குறையும் எண்களை எவ்வளவு கூட்டினாலும் 2-ஐத் தாண்டாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் அதோடு விடமாட்டாள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டினால் என்ன ஆகும் என்று தானே கூட்டிப் பார்ப்பாள். கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஏறும், ஆனால் எங்கும் நிற்காது. சரி, 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்க எண்களை வைத்துக் கூட்டினால்? அது 1.64 சொச்சத்தில் நின்றுவிடும். ஏன் சரியாக அங்கே நிற்கிறது என்று தேடப் போனால், பையின் வர்க்கத்தை ஆறால் வகுத்தால் வரும் எண் அது என்று ஒரு வீடியோ சொல்லும். வெறும் கூட்டல் கணக்கில் வட்டத்துக்கு என்ன வேலை? 1730-களில் ஆய்லர் கண்டுபிடித்து அன்றைய கணித உலகத்தையே வியக்க வைத்த விடை அது. மறுநாள் வகுப்பில் அவள் கேட்பாள். "அதெல்லாம் சிலபஸ்ல இல்லம்மா, காலேஜ்ல வரும்" என்பார் ஆசிரியர்.

அந்த ஆசிரியர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அறுபது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், அடுத்த வாரம் திருப்புதல் தேர்வு, நடுவில் பதிவேடுகள். அவருக்கே அந்தக் கேள்வியைக் கடைசியாக யாராவது கேட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். அவள் வீட்டில் கேட்டால், "இதை விட்டுட்டு நீட்டுக்குப் படி" என்பார்கள். அதுவும் அக்கறையில் வரும் பேச்சுதான். கேள்வி மட்டும் பதில் இல்லாமல் நிற்கிறது. இப்படி நாலைந்து முறை நின்ற பிறகு, கேட்பதையே பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அது யாருடைய கணக்கிலும் இழப்பாகப் பதிவாவதில்லை.

தானாகக் கற்ற மேதை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கும்பகோணத்து இராமானுஜன். அவர் கதையை நாம் சொல்லும் விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஏழைச் சிறுவன், ஒரே ஒரு புத்தகம், குலதெய்வம் நாமகிரித் தாயாரின் அருள், பிறகு கேம்பிரிட்ஜ். தாயார் மீது அவருக்கு இருந்த பக்தி உண்மை; அது அவருடையது, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் கதையை இப்படிச் சுருக்கும்போது நடுவில் இருந்த மனிதர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள். எல்லாம் அருள் என்றும் பிறவி மேதைமை என்றும் முடித்துவிட்டால், ஊராகிய நமக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உண்மையில் கும்பகோணத்தில் நடந்தது வேறு.

அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். வருமானம் போதாமல் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் கல்லூரி மாணவர்களைச் சாப்பாட்டோடு தங்க வைத்திருந்தார்கள். அந்த மாணவர்கள்தான் பையனின் முதல் கணித ஆசிரியர்கள். தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பதினோரு வயதுக்குள் அவர்களிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. லோனியின் முக்கோணவியல் புத்தகமும் இப்படி இரவலாக வந்ததுதான். பதின்மூன்று வயதுக்குள் அதை முடித்துவிட்டான். 1903-இல், பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த கணித முடிவுகளின் திரட்டு கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல், வரிசையாக. அதுவும் சொந்தப் புத்தகம் இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்தின் புத்தகம், ஒரு நண்பர் மூலம் வந்தது. கல்லூரி நூலகத்தின் புத்தகம் பள்ளிக்கூடத்துப் பையனின் திண்ணைவரை வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று எத்தனை ஊரில் இது நடக்கும்?

கார் யார் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். அவர் லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். இன்றைய பேச்சில் சொன்னால் கோச்சிங் சார். மாணவர்கள் தேர்வுக்கு முன் புரட்டிப் பார்ப்பதற்கான திரட்டு அது. அந்தத் திரட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன நிறுவல்களையெல்லாம் தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தான் ஒரு பையன். ஆகவே, வழிகாட்டிப் புத்தகங்களையும் பயிற்சி மையங்களையும் மட்டும் எதிரியாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிள்ளைக்கு எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கதவுகள் நிறைய இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டவுன் ஹைஸ்கூல் அவரை நடத்திய விதம் இன்றும் எந்தப் பள்ளியும் பின்பற்றத் தக்கது. ஏறத்தாழ 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் இடறில்லாமல் பொருத்தும் கால அட்டவணை வேலையில் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். பாராட்டுப் பத்திரத்தைவிடப் பெரிய மரியாதை அது, உண்மையான வேலையைக் கொடுத்து நம்பியது. 1904-இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்தபோது, முழு மதிப்பெண்ணும் இவனுக்குப் போதாது என்ற பொருள்பட மேடையிலேயே அறிமுகப்படுத்தினார்.

பிறகு சங்கிலி அறுந்தது. அதே ஆண்டு உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை, ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905 ஆகஸ்டில் வீட்டைவிட்டுக் கிளம்பி விசாகப்பட்டினம்வரை போய்விட்டார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி; எஃப்.ஏ. என்ற இடைநிலைக் கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை, ஒரு மனிதனின் மூளை நெருப்பாக எரியும் ஆண்டுகளில், பட்டமும் இல்லாமல் வருமானமும் இல்லாமல் அவர் அலைந்தார். காகிதம் வாங்கக் காசு இல்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து மறுபடி எழுதினார். அந்தக் கல்லூரிகளில் யாரும் கெட்டவர்கள் இல்லை. விதி என்ன சொன்னதோ அதைச் செய்தார்கள். அந்தப் பையனுக்காக விதியைப் படித்துப் பார்த்து, இதில் ஒரு வழி இருக்கிறதா என்று தேடுவது யாருடைய வேலையாகவும் அன்று இருக்கவில்லை.

அறுந்ததை மறுபடி முடிந்தவர்களில் பலர் கணிதப் பேராசிரியர்கள் இல்லை என்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கும் செய்தி. 1910-இல் அவர் குமாஸ்தா வேலை கேட்டுப் போய் நின்றது திருக்கோயிலூர் துணை கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம். அவர் 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருவாய்த் துறையின் கடைசிப் படியில் ஒரு வேலையைக் கொடுத்து இந்தத் திறமையைப் புதைக்க விரும்பாமல், சென்னையில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் வேலை முடிந்த பிறகு சிலேட்டோடு அவருடன் உட்காருவார். இரண்டு வரிகளுக்கு நடுவில் நீ விட்டுவிடும் படிகளை எனக்குப் புரியும்படி எழுது என்று அவர் கேட்டதாக அவருடைய மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தர முடிவு செய்தது. இத்தனைக்கும் பிறகுதான் 1914 மார்ச் 17 அன்று அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவரை அங்கே அழைத்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியின் பெயர் ஊரறிந்தது. திருக்கோயிலூரும் நெல்லூரும் துறைமுக அலுவலகமும் அந்த அளவுக்கு நம் பள்ளிப் பிள்ளைகளின் காதில் விழுவதில்லை.

நாராயண ஐயர் கேட்ட அந்தப் படிகளில்தான் தானாகக் கற்பவரின் பலமும் பலவீனமும் சேர்ந்து இருக்கின்றன. ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி வைத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவை: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))). இதன் மதிப்பு என்ன? மாதங்கள் கழிந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் வழி இது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9-ஐ 1 + 2 × 4 என்று எழுதலாம். அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16-ஐ 1 + 3 × 5 என்று எழுதலாம். அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மேலே சொன்ன கோவை அப்படியே வந்துவிடும். இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை அன்று இரவு தூங்காது. தூங்க வேண்டியதும் இல்லை.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதே வித்தையை 4-ஐ வைத்துச் செய்து பாருங்கள். 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16-ஐ 1 + 2 × 7½ என்று எழுதலாம். 7½-ஐ வர்க்கப்படுத்தி, அதை 1 + 3 × 18 5/12 என்று எழுதலாம். இப்படியே உள்ளே போனால், அதே கோவையின் மதிப்பு 4 என்றும் "காட்டி"விடலாம். இரண்டும் சரியாக இருக்க முடியாது. அப்படியானால் 3 மட்டும் ஏன் சரி? கோவையை அங்கங்கே வெட்டிக் கணக்கிட்டால் 1, 1.73, 2.24, 2.56 என்று ஏறி 3-ஐ நெருங்குகிறது. அது 3-ஐத்தான் நெருங்கும், வேறெதையும் நெருங்காது என்று உறுதியாகக் காட்ட வேண்டும். அதுதான் நிறுவல். இப்படிப்பட்ட வர்க்கமூல அடுக்குகள் எப்போது ஒரு மதிப்பை நோக்கி ஒருங்கும் என்பதற்கு ஒரு விதியைப் பின்னாளில் கொடுத்தவர் டி. விஜயராகவன், இவரும் தமிழர், இவரும் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுஜன் வைத்த கேள்வியின் மிச்சத்தை இன்னொருவர் வந்து நிரப்ப வேண்டியிருந்தது. ஹார்டிக்கு இராமானுஜன் எழுதி அனுப்பியவற்றிலும், பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறாகவே இருந்தன. அவ்வளவு பெரிய மேதைக்கே "இந்த இடம் சரியாக இல்லை, மறுபடி பார்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது என்றால், நம் தெருவில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா?

இன்றைய நிலைமை 1903 போல் இல்லை. அன்று புத்தகம் அரிது. இன்று என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, எம்.ஐ.டி.யின் பாடங்களும் அப்படியே. கையில் ஒரு போன் இருந்தால் நுண்கணிதம் முதல் எண்ணியல் வரை கேட்கலாம். ஆனால் வீடியோ திரும்பக் கேள்வி கேட்பதில்லை. 3 என்று முடித்துவிட்டுச் சந்தோஷமாக மூடிவைக்கும் பிள்ளையிடம், "4-ஐ வைத்துச் செய்து பார்த்தாயா?" என்று அது கேட்காது. அந்த ஒரு கேள்விக்கு ஒரு மனிதர் வேண்டும். அவர் பெரிய மேதையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கணிதத்தை உண்மையாகப் படித்தவராகவும் பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவராகவும் இருந்தால் போதும். நம் மாநிலத்தில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவர்களுக்குப் பஞ்சமா? அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள், வங்கியில் இருக்கிறார்கள், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் இவர்களும் சந்திப்பதற்கு ஒரு இடமும் ஒரு நேரமும்தான் இல்லை.

அந்த இடம் நூலகமாக இருக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நூலக இயக்கத்தின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் அடிப்படையில் ஒரு கணித ஆசிரியர். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணிதம் படித்து, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் வேலை பார்த்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி; ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதே மனிதர்தான் 1967-இல் இராமானுஜனைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். காவிரிப் படுகையின் இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவர் இரவல் புத்தகத்தில் கணிதம் கற்றவர், இன்னொருவர் புத்தகம் யாருக்கும் கிடைக்கும்படி செய்தவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

மாலையில் எந்தக் கிளை நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் இளைஞர்களால் நாற்காலிகள் நிறைந்திருக்கும். நல்லதுதான், அவர்களுக்கு வேறு இடம் ஏது? அவர்களுக்காக ஒரு அலமாரி முழுவதும் வழிகாட்டி நூல்கள் வந்திருக்கும். கணிதம் என்று எழுதிய தட்டுக்குப் போனால் திறனறிதல் புத்தகங்களும் பழைய பள்ளிப் பாடநூல்களும்தான் பெரும்பாலும் கையில் படும். ஹால் அண்ட் நைட்டின் இயற்கணிதமோ, நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய, நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்த நுண்கணிதமோ, 1908-இல் ஹார்டி முதலாண்டு மாணவர்களுக்காக எழுதிய தூய கணிதப் பாடநூலோ அங்கே இருப்பது அரிது. இவை அருகிலிருக்கும் கல்லூரி நூலகத்தில் இருக்கும். பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் யாரும் எடுக்காமல் இருக்கும். ஆனால் பள்ளி மாணவிக்கு அங்கே அனுமதி இல்லை; வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

இன்னொரு தடை மொழி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது இரட்டைச் சுமை. இது தீர்க்க முடியாத சிக்கலும் இல்லை. 1960-களிலும் 1970-களிலும் தமிழ் வெளியீட்டுக் கழகமும் அதன் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடங்களுக்கான நூல்களைத் தமிழில் வரிசையாகக் கொண்டுவந்தன. கணிதமும் அதில் உண்டு. அந்த உழைப்பைத் தொடர்ந்து, இன்றைய பிள்ளைக்கு ஏற்ற நடையில், கேள்வியில் தொடங்கி நிறுவலில் முடியும் சிறு நூல்களாக எழுதும் பொறுப்பு பல்கலைக்கழகக் கணிதத் துறைகளுக்கு இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற இதழ்கள் சிறுவர்களுக்காக இதைப் பல காலமாகச் செய்துவருகின்றன. அடுத்த வயதுக்கு, பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்குத்தான் பெரிய வெற்றிடம்.

ஆசிரியர்கள் தனி மனிதர்களாக எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குச் சென்னையில் பி. கே. சீனிவாசன் என்றொரு சாட்சி இருந்தார். முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியர். இராமானுஜனோடு பழகியவர்கள் உயிரோடு இருந்தபோதே அவர்களைத் தேடிப் போய்க் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968-இல் வெளியிட்டார். நாராயண ஐயர் போன்றவர்களைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அவரைப் போன்றவர்களின் அலைச்சலும் ஒரு காரணம். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் பெயரில் ஒரு கணித அருங்காட்சியகம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2005-இல் மறையும்வரை பிள்ளைகளுக்குக் கணிதத்தைச் செய்துபார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கை வணக்கத்துக்குரியது. ஆனாலும் எல்லா ஆசிரியரும் பி.கே.எஸ். ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாதாரண ஆசிரியர், சாதாரண நாளில், இரண்டு காரியம் செய்ய முடிந்தால் போதும். "எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று வகுப்பின் முன்னால் கூச்சமில்லாமல் சொல்வது ஒன்று. தன்னால் முடியாத கேள்வியை எங்கே அனுப்பலாம் என்று தெரிந்து வைத்திருப்பது இன்னொன்று. முதலாவது அவர் கையில் இருக்கிறது. இரண்டாவதை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் பிள்ளைக்குத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது, கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் போட்டிகளும் இதழ்களும் இருக்கின்றன. கோவில்பட்டியிலோ அரியலூரிலோ இருக்கும் பிள்ளைக்கு இவையெல்லாம் பஸ் கட்டணத்துக்கு அப்பால். அந்தந்த மாவட்டத்து அரசுக் கல்லூரிக் கணிதத் துறைதான் அங்கே தரமணியாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் சோஃபி ஜெர்மைன் என்ற பதின்மூன்று வயதுப் பெண், புரட்சிக் கலவரத்தால் வெளியே போக முடியாத நாட்களில் அப்பாவின் நூலகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கினாள். பெண்ணுக்கு இது ஆகாது என்று வீட்டார் இரவில் மெழுகுவர்த்தியையும் கணப்பு நெருப்பையும் எடுத்துவிட்டார்கள். அவள் ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியில் படித்தாள். பிறகு கல்லூரிக் குறிப்புகளைப் பெற்றுக் கற்று, ஓர் ஆணின் பெயரில் தன் விடைகளை எழுதி அனுப்பினாள். நம் வீடுகளில் இன்று யாரும் விளக்கை அணைப்பதில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டால் பெண்ணின் ஒவ்வொரு மணி நேரமும் எதற்குப் பயன்படும் என்று கணக்குப் பார்க்கிறோம். வேலை, வருமானம், பாதுகாப்பு பற்றிய கவலை ஏழை வீட்டில் இருக்கத்தான் செய்யும். அதை அலட்சியமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று. வாரத்தில் இரண்டு மணி நேரம், மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத படிப்புக்கு விட்டுக்கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன படித்தாய் என்று விசாரணை வேண்டாம். என்ன புரிந்தது என்று அன்பாகக் கேட்டால் போதும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ஒரு பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரன் என்று தெரிந்ததும் 'குட்டி ராமானுஜன்' என்று ஃப்ளெக்ஸ் அடித்து, மேடையில் ஏற்றி, பெரிய எண்களை மனக்கணக்காகப் பெருக்கச் சொல்லிக் கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளை அதன் பிறகு தப்பு செய்யவே பயப்படும். கணிதம் கற்பவருக்குத் தப்பு செய்யும் சுதந்திரத்தைவிட அவசியமானது வேறில்லை. ஊரின் பெருமைக்காகப் பிள்ளையின் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. கணிதத்தைத் தேடும் பிள்ளைகளில் பலர் கணித மேதைகளாக மாட்டார்கள். ஒருவர் கணக்காளராகலாம், ஒருவர் செவிலியராகலாம், ஒருவர் அதே ஊரில் ஆசிரியராகி இன்னொரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். அதனால் அவர்கள் பதினைந்து வயதில் படித்தது வீணாகிவிடாது.

பொறுப்பு என்று பொதுவாகச் சொன்னால் அது யாருடையதும் இல்லாமல் போய்விடும் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். கல்லூரி நூலகங்கள், அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடு வரும் மாணவரைச் சனிக்கிழமைகளில் உள்ளே விட வேண்டும். கல்லூரிக் கணிதத் துறை மாதம் ஒரு மாலை ஓர் ஆசிரியரைக் கிளை நூலகத்தில் உட்கார வைக்க வேண்டும். பாடம் நடத்த வேண்டாம், வரும் கேள்விகளைக் கேட்டால் போதும். மாவட்ட நூலக ஆணைக்குழு, கணிதத் தட்டுக்கு என்ன புத்தகம் வாங்குவது என்று அந்தத் துறையிடமே கேட்கலாம். உள்ளூர் ஆலைகளும் வியாபாரிகள் சங்கமும் முன்னாள் மாணவர்களும் அந்தப் புத்தகங்களுக்குப் பணம் தரலாம். இதற்கும் இங்கே முன்னோடி உண்டு: 1950-களின் தொடக்கத்தில் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனம் அழகப்பச் செட்டியாரின் கொடையால்தான் எழுந்தது, அதன் முதல் இயக்குநர் நாம் மேலே பார்த்த அதே விஜயராகவன். மாலையில் நூலகத்திலிருந்து பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது வார்டு உறுப்பினரின் பங்கு. தேர்வில் தவறிய கணித ஆர்வலருக்கு விதிகளுக்குள் என்ன வழி இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது கல்லூரி முதல்வர்களின் பங்கு. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அப்படி ஒரு வழியைத் தேடிக் கண்டுபிடித்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதில் எதற்கும் சண்டை வரக் காரணமில்லை.

இவற்றில் முதலாவதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தலைமையாசிரியர் கடிதம் எழுதி, ஒரு கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டால் அந்த ஊரில் அன்றே தொடங்கிவிடும். ஜூனில் பள்ளிகள் திறக்கின்றன. கடிதம் மே மாதத்திலேயே போய்ச் சேரட்டும். கணிதத்துறைத் தலைவருக்கும் நூலகருக்கும் ஒரு பிரதி.